சர்க்கரை உடையும் வேகம்: வேதிவினைகளின் கதியைத் தீர்மானிப்பது எது?

ஒரு வேதிவினை நடக்கக்கூடியதா என்பதும், நடக்கக்கூடியதானால் எவ்வளவு காலத்தில் நடந்து முடியும் என்பதும் இரு வேறு கேள்விகள். முதற்கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வெப்ப இயக்கவியல் ஏறத்தாழ முழுமையான விடையைத் தந்துவிட்டது. இரண்டாவதற்கு அத்தகைய ஒற்றை விடை இன்றுவரை அமையவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கொல்கத்தாவின் ஓர் ஆய்வே நன்கு விளக்கும். மாநிலக் கல்லூரியின் பிரபுல்ல சந்திர ராய், நீல் ரத்தன் தர் உள்ளிட்ட தம் மாணவர்களுடன் சேர்ந்து, தொட்டால் சிதையும் என்று கருதப்பட்ட அம்மோனியம் நைட்ரைட்டைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, அந்த ஆவியின் அடர்த்தியை அளந்து 1912இல் வெளியிட்டார். நைட்ரஜனாகவும் நீராகவும் பிரிந்துபோகவே அந்த உப்பு 'விரும்புகிறது'. ஆயினும் சிதைவு தாமதமாகும் சூழலில் அது ஆவியாகவே நீடித்து நிற்கிறது. நடக்க வேண்டியது நடக்காமல் காத்திருக்கும் அந்தக் கால அளவைத்தான் வினைவேகவியல் என்னும் துறை ஆராய்கிறது.

பள்ளிப் பாடநூல்கள் இதற்குக் காரணிகளின் பட்டியல் ஒன்றைத் தருகின்றன: வினைபடுபொருளின் இயல்பு, செறிவு, வெப்பநிலை, புறப்பரப்பு, வினையூக்கி. நினைவில் கொள்ள வசதியான இப்பட்டியலில் ஒரு மயக்கமும் உண்டு. இக்காரணிகள் ஒரே தரத்தவை என்றும், ஒவ்வொன்றும் எல்லா வினைகளிலும் ஒரே திசையில் இயங்கும் என்றும் அது எண்ண வைக்கிறது. உண்மையில் இவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகள். பின்னாளில் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டவை. அந்த விடைகளை அவற்றின் தோற்றத்தோடும் குறைகளோடும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. சான்றாக, இயன்றவரை ஒரே வினை எடுத்துக்கொள்ளப்படுகிறது: சுக்ரோஸ் எனப்படும் சாதாரணச் சர்க்கரை நீருடன் வினைபுரிந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைதல். இத்துறையின் வரலாற்றில் 1850, 1889, 1913 ஆகிய மூன்று திருப்பங்களும் இந்த ஒரு வினையை வைத்தே நிகழ்ந்தன என்பது தற்செயலாகவும் இருக்கலாம். அளப்பதற்கு எளிது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கக்கூடும்.

ஈச்சஞ்சாறும் பதநீரும்

கொல்கத்தாவின் மிட்டாய்க் கடைகளில் குளிர்காலத்தில் மட்டும் தோன்றும் 'நொலென் குர்' என்னும் வெல்லம், ஈச்ச மரத்தின் உச்சிப்பகுதியைச் சீவி வடிக்கும் சாற்றிலிருந்து காய்ச்சப்படுவது. ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை, 'ஷிவுலி' எனப்படும் மரமேறிகள் மாலையில் பானை கட்டி, விடியுமுன் இறக்கி, வெயில் ஏறுவதற்குள் அடுப்பிலேற்றுகிறார்கள். பானைகளை அவ்வப்போது புகை காட்டியும் வைக்கிறார்கள். நேரம் தவறினால் சாற்றிலுள்ள சுக்ரோஸ் உடைந்து, பின் நொதித்து, கள்ளாகிவிடும். உடைந்த சர்க்கரை மிகுந்த சாறு காய்ச்சினாலும் கட்டியாக இறுகாது. தமிழ்நாட்டின் பனையேறிகளுக்கும் இதே சிக்கல்தான். ஆனால் பனையின் பருவம் கோடையை ஒட்டியது. மார்கழிக் குளிரை அவர்கள் நம்ப முடியாது. ஆகவே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பிட்ட கலயத்தில் இறங்குவது பதநீர், இடாத கலயத்தில் இறங்குவது கள்.

ஒரே வினையை வங்காளம் பெரிதும் வெப்பநிலையாலும், தமிழகம் அமிலத்தன்மையை மாற்றுவதாலும் தடுத்து நிறுத்துகின்றன என்று சுருக்கிச் சொல்லலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மரத்தடியில் சாற்றைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றிலிருந்து வந்து சேரும் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிரிகளின் நொதி. கொதிக்கும் கொப்பரையில் சர்க்கரையை உடைப்பது அமிலம். நுண்ணுயிரியும் அமிலமும் இல்லாத தூய நீரிலோ நிலைமை முற்றிலும் வேறு: 25 டிகிரி செல்சியசில் சுக்ரோசில் பாதி தானாக உடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகும் என்று 2008இல் வெளியான வுல்ஃபெண்டன், யுவான் ஆகியோரின் அளவீடு காட்டியது. தொடக்கப் பொருளும் விளைபொருளும் மூன்றிலும் ஒன்றே, வழி வேறு. 'இந்த வினையின் வேகம் என்ன' என்னும் கேள்விக்கு, வழியைச் சொல்லாமல் விடை சொல்ல இயலாது என்பது இதிலிருந்தே தெளிவாகும்.

செறிவு: முதல் விடையும் அதன் எல்லையும்

வேகத்தை முதன்முதலாகக் கணிதச் சமன்பாடாக எழுதியவர் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி. சுக்ரோஸ் கரைசல் தன் வழியே செல்லும் முனைவுற்ற ஒளியின் தளத்தை, அதாவது ஒரே தளத்தில் அதிரும்படி வடிக்கப்பட்ட ஒளியின் அதிர்வுத் தளத்தை, வலப்புறம் திருப்பும். உடைந்தபின் கிடைக்கும் கலவையோ இடப்புறம் திருப்பும். இந்தத் திசைமாற்றத்தாலேயே இவ்வினைக்கு 'எதிர்மாற்றம்' என்று பெயர். கரைசலைத் தொடாமலே அதன் வளர்ச்சியைக் கவனிக்க முடிந்ததால், எந்தக் கணத்திலும் உடையும் வேகம் அக்கணத்தில் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதை அவர் 1850இல் நிறுவினார். அக்கட்டுரையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் பொருட்படுத்தவில்லை. வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டுதான் பின்னர் அதை மீட்டு அறிமுகப்படுத்தினார்.

நார்வேயின் குல்ட்பர்க், வாகெ ஆகிய இருவரும் 1864 தொடங்கி முன்வைத்த நிறைத்தாக்க விதி இதைப் பொதுமைப்படுத்தியது. வினைபடு துகள்கள் சந்தித்தாக வேண்டும், அவை எவ்வளவு நெருக்கமாக உள்ளனவோ அவ்வளவு அடிக்கடி சந்திக்கும் என்னும் உள்ளுணர்வு அதற்கு வலுச்சேர்த்தது. ஆனால் சமன்படுத்திய வேதிச் சமன்பாட்டைப் பார்த்து மட்டும் வேகச் சமன்பாட்டை எழுதிவிட முடியாது என்பது விரைவிலேயே தெரிந்தது. பல வினைகள் படிப்படியாக நிகழ்வதால், மிகத் தாமதமான படியில் பங்கேற்கும் துகள்களின் செறிவே பெரும்பாலும் கணக்கில் வருகிறது.

இன்னும் கூர்மையான வரம்பு நொதி வினையில் வெளிப்பட்டது. பெர்லினில் லியோனோர் மிக்காயலிஸ், மாட் மென்டன் ஆகியோர் ஈஸ்டிலிருந்து எடுத்த 'இன்வர்ட்டேஸ்' என்னும் நொதியைக் கொண்டு அதே சர்க்கரையை உடைத்து 1913இல் காட்டியது இது: சர்க்கரையின் செறிவைக் கூட்டக் கூட்ட வேகம் முதலில் ஏறும், பிறகு ஓர் உச்சத்தில் நின்றுவிடும். நொதியின் இடங்களெல்லாம் நிரம்பியபின் மேலும் சர்க்கரை சேர்ப்பது, கல்யாணப் பந்தியில் இலையெல்லாம் நிறைந்தபின் வாசலில் வந்து நிற்கும் கூட்டத்தைப் பெருக்குவது போன்றதே.

வெப்பநிலை: கையளவு உயர்வும் பன்மடங்கு விளைவும்

இக்கேள்வியின் வரலாற்றில் செழுமையான பகுதி வெப்பநிலையைப் பற்றியது. சூடு ஏறினால் துகள்கள் விரைவாக ஓடும், அடிக்கடி மோதும், ஆகவே வினை விரைவாகும் என்னும் விளக்கம் இன்றும் வகுப்பறைகளில் கேட்கப்படுகிறது. எண்களோடு ஒப்பிட்டால் அது நிற்பதில்லை. 15 டிகிரி செல்சியசிலிருந்து 30 டிகிரிக்கு உயரும்போது துகள்களின் சராசரி வேகம் ஏறத்தாழ 2.6 விழுக்காடு மட்டுமே கூடும். அமிலத்தில் சர்க்கரை உடையும் வேகமோ அதே 15 டிகிரி இடைவெளியில் சுமார் ஒன்பது மடங்காகிறது.

ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1889இல் எடுத்துக்கொண்ட புதிர் இதுவே. அவர் எடுத்துக்கொண்ட வினையும் இதே எதிர்மாற்றம்தான். கரைசலிலுள்ள சர்க்கரையில் மிகச் சிறிய பங்கு மட்டுமே 'கிளர்வுற்ற' நிலையில் உள்ளது, அதுவே உடைகிறது, சாதாரணச் சர்க்கரைக்கும் அதற்கும் இடையே ஒரு சமநிலை நிலவுகிறது, வெப்பம் அந்தச் சமநிலையைக் கிளர்வுற்ற பக்கம் நகர்த்துகிறது என்று அவர் கருதினார். அந்தக் கிளர்வுற்ற நிலையை எட்டத் துகள்கள் தாண்டியாக வேண்டிய ஆற்றல் மேடே கிளர்வு ஆற்றல் எனப்படுகிறது. அமிலம் சேர்ந்த சர்க்கரைக்கு அது மோலுக்கு ஏறத்தாழ 108 கிலோஜூல். வெப்பநிலையோடு வேகம் மாறுவதைச் சொல்லும் சமன்பாட்டின் வடிவம் 1884இல் வாண்ட் ஹாஃப் எழுதிய நூலிலேயே இருந்தது. அதற்கு இயற்பொருள் கற்பித்தது அர்ரேனியசின் பங்கு.

பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும் என்னும் புகழ்பெற்ற விதியை இங்கே நிறுத்திப் பார்க்கலாம். அறைவெப்பநிலையில் அது பொருந்துவது, கிளர்வு ஆற்றல் 53 கிலோஜூலை ஒட்டி அமைந்த வினைகளுக்கு மட்டுமே. சர்க்கரையின் அமில எதிர்மாற்றத்திற்கு 25இலிருந்து 35 டிகிரிக்குச் செல்கையில் வேகம் நான்கு மடங்காகும். தோராயமான ஒரு கைக்கணக்கு இயற்கை விதியாகப் பாடநூலில் ஏறிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அர்ரேனியசின் சமன்பாடு உடனே வென்றுவிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்கோர்ட்டும் எஸ்ஸனும் ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடைடு வினையை 1860களிலிருந்தே அளந்து, வேகம் தனி வெப்பநிலையின் ஏதோ ஓர் அடுக்குக்கு விகிதமாக உயர்கிறது என்னும் வேறொரு வாய்பாட்டை முன்வைத்தனர். ஆய்வகத்தில் வழக்கமாக அளக்கப்படும் சில பத்து டிகிரி இடைவெளிக்குள் இரண்டு வாய்பாடுகளும் தரவுகளோடு ஏறத்தாழ ஒரே அளவு பொருந்தின. அர்ரேனியசின் வடிவம் நிலைத்ததற்கு அதன் பொருத்தத்தைவிட, மேடு என்னும் கருத்து பின்வந்தோருக்குச் சிந்திக்கத் துணைசெய்தது என்பதே காரணம் எனத் தோன்றுகிறது.

மேட்டைத் தாண்டும் ஆற்றல் துகளுக்கு எங்கிருந்து வருகிறது? டிராவுட்ஸ் 1916இலும், வில்லியம் லூயிஸ் 1918இலும், போர்க்காலத்தில் ஒருவர் பணியை மற்றவர் அறியாமல், துகள்கள் மோதுவதிலிருந்தே அது வருகிறது என்னும் மோதல் கொள்கையை வகுத்தனர். ஹைட்ரஜன் அயோடைடு சிதைவுக்கு அக்கொள்கையின் கணிப்பு வியக்கத்தக்க அளவில் பொருந்தியது. சிக்கலான மூலக்கூறுகளுக்குப் பொருந்தவில்லை. மூலக்கூறுகள் சரியான கோணத்தில் மோதவேண்டும் என்னும் 'திசையமைவுக் காரணி' ஒன்றைப் பெருக்கி அந்த இடைவெளி அடைக்கப்பட்டது; முன்கூட்டிக் கணிக்க முடியாத, பொருந்தும்வரை மாற்றிக்கொள்ளக்கூடிய எண் அது. துணையின்றித் தனியே சிதையும் மூலக்கூறுகளின் நடத்தையையும் மோதல்களால் விளக்க இயலாது என்று அன்று தோன்றியது. ஆகவே ஆற்றல் சுற்றுச்சுவர்களின் வெப்பக் கதிர்வீச்சிலிருந்து வருகிறது என்று ஷான் பெரின் 1919இல் வாதிட்டார். இக்கொள்கையை மறுக்கச் சர்க்கரையே மீண்டும் பயன்பட்டது. 108 கிலோஜூல் என்பது ஏறத்தாழ 1.1 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிருக்கு ஈடு. சூரிய ஒளியில் அது நிறைய உண்டு. கொள்கை சரியானால் வெயிலில் வைத்த சர்க்கரைக் கரைசல் நம்பமுடியாத வேகத்தில் உடைந்தாக வேண்டும், அப்படி நடப்பதில்லை என்று லிண்டெமன் 1920இல் சுட்டினார். மோதலில் பெற்ற ஆற்றலுடன் மூலக்கூறு சற்றுத் தாமதித்துச் சிதைகிறது என்னும் அவரது மாற்று விளக்கமே பின்னர் வளர்ந்தது. ஆயினும் மறுக்கப்பட்ட கொள்கை முற்றிலும் மடியவில்லை: மோதல்களே அரிதான மிகத்தாழ்ந்த அழுத்தத்தில், சுவர்களின் கதிர்வீச்சால் அயனிகள் உடைவதை 1990களில் டன்பாரும் மக்மஹனும் காட்டினர்.

வினையூக்கியும் பரப்பும்

வினையூக்கி குறித்த தெளிவான முதற்கருத்து ஈயக்கூட முறையிலிருந்து பிறந்தது. ஈயத் தகடு பதித்த பெரிய அறைகளில் கந்தக டை ஆக்சைடைக் கந்தக அமிலமாக்கும் அம்முறையில் நைட்ரஜன் ஆக்சைடு செலவாகாமல் சுற்றிச் சுற்றி வந்து ஆக்சிஜனைக் கைமாற்றுகிறது என்பதை 1806இலேயே கிளெமாங், தேசோர்ம் ஆகியோர் உணர்ந்தனர். 'கேட்டலிசிஸ்' என்னும் சொல்லை பெர்சீலியஸ் அமைத்தது 1835இல். ராய் நிறுவிய பெங்கால் கெமிக்கல் நிறுவனம் கொல்கத்தாவின் மாணிக்தலாவில் கந்தக அமிலம் தயாரித்ததும் இம்முறையில்தான். பட்டியலின் ஒரு விதியை இம்முறையே பொய்யாக்குகிறது. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனுடன் சேரும் படி, வெப்பநிலை ஏறினால் வேகம் குறையும் அரிய வினைகளுள் ஒன்று. போடென்ஸ்டைன் அதை நுணுக்கமாக அளந்தார். நைட்ரிக் ஆக்சைடின் இரண்டு துகள்கள் முதலில் தற்காலிகமாக இணைந்து, அந்த இணை ஆக்சிஜனுடன் வினைபுரிகிறது, சூடு ஏறினால் இணை விரைவில் பிரிந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். மூன்றும் ஒரே நேரத்தில் மோதுகின்றன என்பது மற்றொன்று.

வினையூக்கி வேகத்தைக் கூட்டுவது மேட்டைத் தாழ்த்துவதால் என்னும் இன்றைய கருத்து உறுதிப்பட, வெப்பநிலையோடு வேகம் மாறும் வீதம் வினையூக்கியின் முன்னிலையில் எப்படி மாறுகிறது என்பதை அளக்க வேண்டியிருந்தது. ஈச்ச வெல்லத்துக்குப் பெயர்பெற்ற ஜெசோரில் 1892இல் பிறந்து, கொல்கத்தாவில் ராயிடம் பயின்று, லண்டனிலும் பாரிசிலும் ஆய்வை முடித்து அலகாபாத்தில் நிலைத்த நீல் ரத்தன் தரின் தொடக்ககால ஆய்வுகள் இத்திசையைச் சேர்ந்தவை. இந்தியாவில் இயற்பிய வேதியியல் ஒரு துறையாக வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

மேட்டைத் தாழ்த்துவது என்னும் இவ்விளக்கம் நொதிக்கு ஓரளவே போதும். இன்வர்ட்டேஸ் குளிரில் சோம்பும், மிதமான சூட்டில் விரையும், மேலும் சூடேறினால் தன் வடிவமே குலைந்து செயலிழக்கும். சுண்ணாம்பும் நுண்ணுயிரியின் வளர்ச்சியையும் நொதியையும் தளர்த்துகிறது. புறப்பரப்பைப் பற்றி நீளச் சொல்லத் தேவையில்லை. வினை பரப்பில் நிகழ்ந்தால் பரப்பு கூடக் கூட வேகமும் கூடும், அதில் புதிர் குறைவு. புதிர் தோன்றுவது துகள் மிக நுண்ணியதாகும்போதுதான். வேதியியலில் சோம்பேறி உலோகமாகக் கருதப்பட்ட தங்கம் நானோ அளவில் கார்பன் மோனாக்சைடை எளிதில் ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று ஹருதா 1987இல் காட்டியபோது, பரப்பின் அளவோடு அதன் இயல்பும் மாறுகிறது என்பது வெளிப்பட்டது.

பட்டியலில் இடம்பெறாத கரைப்பான்

ஐரிங் ஒருபுறமும், எவன்ஸ், போலன்யி ஆகியோர் மறுபுறமும் 1935இல் முன்வைத்த இடைநிலைக் கொள்கை, மேட்டின் உச்சியில் நிற்கும் அமைப்பை ஏறத்தாழ ஒரு மூலக்கூறாகவே பாவித்து, திசையமைவுக் காரணிக்கு இயற்பொருள் தந்தது. இன்றும் வேதியியலர் முதலில் கையிலெடுப்பது இக்கொள்கையையே. அதன் மையமான ஊகம், உச்சியைத் தாண்டியது திரும்பி வராது என்பது. நீர்மத்தில் இது ஐயத்துக்குரியது. சுற்றியுள்ள மூலக்கூறுகள் உந்தியும் இழுத்தும், தாண்டியதைத் திருப்பி அனுப்பக்கூடும்.

கிராமர்ஸ் 1940இல் இந்த உராய்வைக் கணக்கில் சேர்த்தார். உராய்வு மிகக் குறைவானால் மேடேறத் தேவையான ஆற்றல் சூழலிலிருந்து வந்து சேர்வதில்லை; மிகுதியானால் பாகில் நடப்பவனைப் போல் துகள் தடுமாறுகிறது; வேகம் உச்சம் பெறுவது இடையில் எங்கோ. நீண்ட காலம் வேதியியலர் பெரிதும் கவனிக்காத இக்கணிப்பை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1943இல் எழுதிய புகழ்பெற்ற மீளாய்வுக் கட்டுரையில் எடுத்தாண்டார். விண்மீன் கூட்டத்திலிருந்து ஒரு விண்மீன் தப்பிச் செல்வதும், ஆற்றல் மேட்டைத் தாண்டி ஒரு மூலக்கூறு செல்வதும் கணிதத்தில் உறவுடையவை என்பது அக்கட்டுரையை வாசிப்போருக்குப் புலப்படும். குரோட்டும் ஹைன்சும் 1980இல் இக்கொள்கையை மேலும் திருத்தி, நீர்மம் உடனடியாக அன்றிச் சற்று நினைவுடன் எதிர்வினையாற்றுகிறது என்பதைச் சேர்த்தனர்.

மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கியதும், சந்திரசேகரின் சிற்றப்பா சி. வி. ராமன் 1928இல் ஒளிச்சிதறல் விளைவைக் கண்ட இடமும், பின்னர் ஜாதவ்பூருக்கு இடம்பெயர்ந்ததுமான இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம் இந்தப் பகுதியில் தொடர்ந்து பணியாற்றியிருக்கிறது. தேவ் சங்கர் ராய் குழு கிராமர்சின் சிக்கலைக் குவாண்டம் நிலையில் ஆராய்ந்தது. கங்கன் பட்டாச்சார்யா, புரதம், சோப்புக் கொத்து போன்ற நெருக்கமான இடங்களில் அடைபட்ட நீர் வெளியிலுள்ள நீரைவிடப் பன்மடங்கு மெதுவாகத் தன்னை மாற்றியமைப்பதை ஒளித்துடிப்புகளால் அளந்தார். கொல்கத்தாவில் படித்துப் பெங்களூரில் பணியாற்றிய பிமன் பாக்ச்சி அதற்குக் கோட்பாட்டு விளக்கம் அளித்தார். மேடே இல்லாத வினைகளில் வேகத்தைக் கரைப்பானே தீர்மானிக்கும் முறையையும் பாக்ச்சி, ஃபிளெமிங், ஆக்ஸ்டோபி ஆகியோர் 1983இல் வகுத்திருந்தனர்.

அதே கழகத்தின் மிஹிர் சௌத்ரி ஆராய்ந்த காந்தப்புல விளைவு எந்தப் பட்டியலிலும் இல்லாதது. ஒளியால் தூண்டப்பட்டு உருவாகும் மூலக்கூறு இணைகளில், வெப்பத்தின் ஆற்றலோடு ஒப்பிட்டால் மிக அற்பமான காந்தப்புலம், எலக்ட்ரான் தற்சுழற்சிகளின் ஒழுங்கை மாற்றி, இணை எவ்வழியில் முடியும் என்பதை மாற்றிவிடுகிறது. மேட்டின் உயரம் ஒன்றே வேகத்தை ஆள்கிறது என்னும் நம்பிக்கைக்கு இது ஒரு திருத்தம்.

தீராத பகுதிகள்

சிறிய மூலக்கூறுகள் வாயுநிலையில் வினைபுரியும் வேகத்தை அடிப்படை விதிகளிலிருந்தே கணிக்கும் திறன் இன்று நம்பத்தக்க அளவுக்கு வளர்ந்துள்ளது. கரைசலிலும் நொதியிலும் அப்படிச் சொல்ல இயலவில்லை. நொதிகளின் வியத்தகு வேகத்தில் மேடு தாழ்வதன் பங்கு எவ்வளவு, புரதத்தின் அசைவுகளுக்குத் தனிப் பங்கு உண்டா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இரு கண்ணாடிகளுக்கிடையில் ஒளிப்புலத்தை அடைத்து, அதனுடன் மூலக்கூறின் அதிர்வை இணைத்தாலே, வெளியிலிருந்து ஒளி பாய்ச்சாமலே வினைவேகம் மாறுகிறது என்று ஸ்ட்ராஸ்பூர்கில் எப்பெசன் குழு 2016இல் அறிவித்தது. அதைத் தொடர்ந்த சில மறுசோதனைகள் ஒத்தும் சில ஒவ்வாமலும் உள்ளன, ஏற்கத்தக்க கோட்பாடும் அமையவில்லை. பெரினின் கதிர்வீச்சுக் கேள்வி வேறொரு வாசல் வழியாக மீண்டும் வந்திருக்கிறது என்று இதைக் கருதுவோரும் உண்டு. அது அவசர முடிவாக இருக்கலாம்.

ஈச்சஞ்சாறு காயும் கொப்பரையோ இவையனைத்தையும் ஒரே நேரத்தில் வேண்டுகிறது. நீர் வற்ற வற்றச் செறிவும் அமிலத்தன்மையும் உயர்கின்றன, கொதிநிலை நூறு டிகிரியைத் தாண்டி ஏறுகிறது, பாகின் பிசுபிசுப்பு பெருகி மூலக்கூறுகளின் அசைவைத் தளர்த்துகிறது, உடைந்த சர்க்கரை அமினோ அமிலங்களுடன் சேர்ந்து நிறமும் மணமும் தரும் கிளைவினைகளைத் தொடங்குகிறது. 1912இல் மையார் விவரித்த இந்தக் கிளைவினைகளின் வலைப்பின்னலில் ஒவ்வொரு படியின் வேகத்தையும் முன்கூட்டிச் சொல்லும் கோட்பாடு இன்னும் இல்லை. கொப்பரையை எப்போது இறக்குவது என்பதைக் காய்ச்சுபவர் பாகு இழுபடும் விதத்தையும் அதன் மணத்தையும் கொண்டே தீர்மானிக்கிறார்.